எமிலியா, எமிலி டீச்சரா?

வெளியிலிருந்து ஆங்கிலம் சொல்லித்தர ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பள்ளி பரபரப்பாகிவிடும். தங்க வீடு பார்ப்பார்கள், பாடவேளை ஒதுக்குவார்கள், காரம் குறைத்துச் சமைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. தானாக அமைந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்ட பல இடங்களில் அது கடைசி வரை அமைவதே இல்லை. இந்த அத்தியாயம் தலைமையாசிரியருக்கும், அந்த வகுப்பில் கூடவே இருக்கப்போகும் உள்ளூர் ஆசிரியருக்கும் எழுதப்பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவரின் பெயரோடு, நம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கிற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடட்டும். எமிலி டீச்சர், டேனியல் சார். மெட்ரிக் பள்ளியில் ‘மிஸ்’ என்பது பழக்கமாக இருந்தால் எமிலி மிஸ். இதை முதல் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். கரும்பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? வெளிநாட்டிலிருந்து வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் முதல் வகுப்பிலேயே, “என்னை எமிலின்னே கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே மேசை நாற்காலி போன்ற ஒரு தடுப்பு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அடுத்த நாளிலிருந்து கவனியுங்கள். சந்தேகம் கேட்க நோட்டோடு போன பெண் மேசைக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் நிற்பாள். டீச்சர் தலை நிமிரும் வரை நிற்பாள். நிமிரவில்லையென்றால் மேசை ஓரத்தை விரலால் மெல்லத் தட்டுவாள். அதற்கும் பார்க்கவில்லையென்றால் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழாது. டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ‘டீச்சர்’ என்றும் சொல்ல முடியாது. கூப்பிடச் சொல் இல்லாத பிள்ளை கேள்வியும் கேட்காது. ஆங்கிலம் பேசவைக்க வந்தவரின் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்க்கக்கூடியது இதுதான். அதனால்தான் இதற்கென்று ஒரு தனி அத்தியாயம்.

வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். வீட்டில் அப்பாவின் பெயரை அம்மா சொல்ல மாட்டார், பெரியவர் பெயரைச் சின்னவர் சொல்ல மாட்டார், பிள்ளைகள் வளர்ந்த பழக்கம் இது என்று நேரடியாகச் சொல்லுங்கள். “உங்கள் பெயரை நாங்கள் எடுத்துவிடவில்லை, அதோடு ஒரு சொல்லைச் சேர்க்கிறோம்” என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. கொரியாவின் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைக் கொண்டுவரும் திட்டம் 1995-இல் தொடங்கியது. அங்கேயும் முதலில் எழும் கேள்வி இதே கேள்விதான். கொரியப் பிள்ளைகள் ஆசிரியரை ‘சொன்செங்நிம்’ என்பார்கள். முன்னே பிறந்தவர் என்ற பொருளுள்ள சொல்லோடு ‘நிம்’ என்ற மரியாதை விகுதி சேர்ந்தது அது. வயதில் மூத்தவரை, அதுவும் ஆசிரியரை, வெறும் பெயரால் அழைப்பது அங்கே முகத்தில் அடிப்பது மாதிரி. அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவர், “சாரான்னு கூப்பிடுங்க” என்றதும் அந்தப் பிள்ளைகளும் திகைத்துத்தான் போவார்கள். பல வகுப்பறைகளில் ‘சாரா டீச்சர்’ என்பதே வழக்கமாகிவிட்டது. ஜப்பானிலும் 1987 முதல் நடக்கும் இதே மாதிரியான திட்டத்தில் பெயரோடு ‘சென்செய்’ சேர்த்துக் கூப்பிடுவது சாதாரணம். ‘டீச்சர்’ என்று விளிப்பது சரியான ஆங்கிலம் இல்லையே என்று கொரியாவில் சில வெளிநாட்டு ஆசிரியர்கள் திருத்தப் பார்ப்பதும் உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

நம் தேனி மாவட்டத்துப் பள்ளத்தாக்குக்கு வெளிநாட்டார் புதியவர்கள் அல்லர். அவர்களை எப்படி அழைத்தோம் என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கியது. பெரியகுளம் அதன் நிலையங்களில் ஒன்று. கொடைக்கானலுக்கு ஏற வேண்டிய மிஷனரிகள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் மலைப்பாதையைப் பிடித்தார்கள். புராட்டஸ்டன்ட் போதகர்களை அந்தக் காலத் தமிழர்கள் ‘ஐயர்’ என்றார்கள். ஜி.யு. போப் போப்பையர் ஆனது அப்படித்தான், கால்டுவெல் ஐயரும் அப்படித்தான். தென்மாவட்டச் சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வது இன்றைக்கும் காதில் விழும். கல்யாணம் ஆகாமல் பள்ளி நடத்த வந்த வெள்ளைக்காரப் பெண்களுக்கு ‘மிஸ்ஸியம்மா’ என்று பெயர். மிஸ் என்பதோடு நம் அம்மாவைச் சேர்த்து அவர்களை நம்மவராக்கிக்கொண்ட சொல் அது. 1955-இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ படத்தின் நாயகி மேரி ஒரு ஆசிரியை என்பது பலருக்கு நினைவிருக்கும். அதிகாரத்தில் இருந்த வெள்ளைக்காரரைத் ‘துரை’ என்றார்கள். தேயிலைத் தோட்டங்களில் மேலாளரைப் பெரிய துரை என்றும் அவருக்குக் கீழே இருப்பவரைச் சின்னத் துரை என்றும் சொல்வது வெள்ளைக்காரர் போன பிறகும் தொடர்ந்தது.

ஆக, ஐயரும் மிஸ்ஸியம்மாவும் மரியாதையோடு நெருக்கத்தையும் சுமந்த சொற்கள். துரை அப்படியில்லை. அதில் பயம் இருக்கிறது, கைகட்டி நிற்பது இருக்கிறது. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சொல் வீட்டில் பழகியதாக இருக்கலாம். வகுப்பறைக்குள் அது வரக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பென்னிகுயிக்கைப் பற்றிப் பிள்ளைகளே கேட்பார்கள். “பென்னிகுயிக்குன்னு மட்டும்தானே சொல்றோம், அவரும் வெள்ளைக்காரர்தானே?” நல்ல கேள்வி, ஒதுக்கிவிடாதீர்கள். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த அந்தப் பொறியாளரின் பெயரை நாம் குழந்தைகளுக்கு வைக்கிறோம், கடைகளுக்கு வைக்கிறோம், தேனி புதிய பேருந்து நிலையத்துக்கும் வைத்திருக்கிறோம். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறோம். இல்லாதவரை அவர் பெயராலேயே போற்றுவது ஒரு வகை. எதிரே நிற்கிறவரை விளிப்பது வேறு வகை. அவர் இன்று கம்பத்தில் ஒரு வகுப்பறையில் நின்றால் நம் பிள்ளைகள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேரளத்திலிருந்து வரும் ஆசிரியர் விஷயம் இன்னும் எளிது, ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் ஆண் ஆசிரியர் ‘மாஷ்’, பெண் ஆசிரியர் ‘டீச்சர்’. கேரள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜனவரியில், ஆண் பெண் வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்க வேண்டும், சார், மேடம் என்பவை வேண்டாம் என்று பொதுக்கல்வித் துறைக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன்பே பாலக்காடு மாவட்டம் ஒலசேரியில் ஒரு பள்ளி இதைச் செய்துகாட்டியிருந்தது. அதே மாவட்டத்தின் மாத்தூர் ஊராட்சி 2021-லேயே தன் அலுவலகத்தில் சார், மேடம் இரண்டையும் விட்டொழித்தது. அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். டீச்சர் என்பது செய்கிற வேலையின் பெயர், சார் என்பது அதிகாரத்தின் மிச்சம். ஆனால் நம் பக்கத்தில் டீச்சர் என்றால் பெண் என்று பிள்ளைகள் காதில் பதிந்துவிட்டது. ஆண் ஆசிரியரை டீச்சர் என்றால் வகுப்பு சிரிக்கும், அவர் மனம் சுருங்கும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் அங்கேயும் இங்கேயும் படித்தவர்கள். அவர்களுக்கு இரண்டு வழக்கமும் தெரியும். கேரளத்து ஆசிரியர் தன்னை டீச்சர் என்றே கூப்பிடச் சொன்னால் வகுப்புக்குக் காரணத்தை விளக்குங்கள். விளக்கிவிட்டால் சிரிப்பு ஒரு வாரத்தில் நின்றுவிடும். தன்னை ஆண், பெண் என்று பிரிக்காத சொல்லால் கூப்பிடச் சொல்லும் ஆசிரியர் யாராவது வந்தாலும் இதுவே வழி.

கான்வென்டுகளில் ‘சிஸ்டர்’ என்ற சொல் உறுதியாக நிலைத்துவிட்டதால் அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி, கூப்பிடக்கூடாத சொற்கள். இதில் தயவு காட்டாதீர்கள். ஆசிரியர் எதிரே மரியாதையாகப் பேசும் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதற்கும் நாம்தான் பொறுப்பு. ‘வெள்ளைக்காரி’, ‘வெள்ளைக்காரன்’ என்பதை ஊரில் யாரும் திட்டாகச் சொல்வதில்லை. ஆனால் எமிலி டீச்சர் என்று ஒரு பெயர் கைக்குக் கிடைத்த பிறகும் அதையே சொன்னால், அவர் இன்னும் பள்ளியில் ஓர் ஆளாகவில்லை என்று அர்த்தம். மணிப்பூரிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ வந்தவரைச் ‘சைனாக்காரர்’, ‘நேபாளி’ என்பது அதைவிட மோசம். அவர் இந்தியர், தன் சொந்த நாட்டில் வேலை செய்ய வந்திருக்கிறார். இந்தியா வரைபடத்தை எடுத்து அவர் ஊரைக் காட்டி, அங்கிருந்து தேனிக்கு எத்தனை நாள் ரயிலில் வந்தார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கறுப்பினத்தவர் ஒருவர் ஆசிரியராக வந்தால் முதல் நாளிலேயே பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். நம் ஊரில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது சர்வசாதாரணம். அதனாலேயே அது எவ்வளவு குத்தும் என்பது நமக்கு உறைப்பதில்லை.

அடுத்து, வந்தவருக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை. அவர் வகுப்புக்குள் கால் வைத்ததும் ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக எழுந்து ‘குட் மார்னிங்’கை ராகம் போட்டு இழுத்து முடிப்பார்கள். அரசின் கள்ளர் சீரமைப்புப் பள்ளியாக இருந்தாலும் சரி, மெட்ரிக் பள்ளியாக இருந்தாலும் சரி, இந்த ராகத்தில் வித்தியாசம் இல்லை. அவர் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள். சொல்லாமல் பாடத்தை ஆரம்பித்துவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் நின்றுகொண்டே இருப்பார்கள். தமிழ்ப் பாடவேளையில் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ என்று வரும் பதில், ஆங்கில வேளையில் ‘பிரசன்ட் டீச்சர்’ ஆகும். ஆங்கிலத்தில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சார் விழும். எஸ் சார், நோ சார், ஃபினிஷ்ட் சார். பட்டாளத்தில் இருப்பது போல இருக்கிறதே என்று சிலர் சங்கடப்படுவார்கள். காரணம் எளியது. தமிழில் ‘நீங்க’ என்ற ஒரு சொல்லிலும் ‘வாங்க, போங்க’ என்ற வினையிலும் மரியாதை தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். பெரியவரை ‘நீ’ என்று சொல்லிவிட்டோமோ என்ற கூச்சத்தைப் பிள்ளை அந்த ஒரு சாரால் சரிசெய்துகொள்கிறது. அதை விடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பேச்சு சரளமாக வர வர அது தானாகக் குறையும்.

பிள்ளைகளுக்கும் வெளியுலக வழக்கத்தைச் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் இவர்களில் பலர் நாளைக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போகிறவர்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் சார், மிஸ் இரண்டும் உண்டு, கல்யாணமான ஆசிரியையும் அங்கே மிஸ்தான். அமெரிக்காவில் மிஸ்டர், மிஸ் போன்றவற்றோடு குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். வெறும் ‘டீச்சர்’ என்று விளிப்பது இரண்டு இடத்திலும் அவ்வளவாக இல்லை. ‘சார்’ என்பதைப் பெயருக்கு முன்னால் போட்டால் அது பிரிட்டிஷ் அரசர் கொடுக்கும் பட்டம் ஆகிவிடும். ஆகையால் எழுதும்போது டேனியல் சார் என்பதை ஆங்கிலத்தில் முன்பின்னாக மாற்றிவிடக் கூடாது. இவையெல்லாம் பாடம். பாடத்துக்காக ‘டீச்சர் என்று கூப்பிடுவது தப்பு’ என்று பிள்ளையைத் திருத்தாதீர்கள். நம் வகுப்பில் அதுதான் சரி, அங்கே போனால் அங்குள்ள வழக்கம் சரி, அவ்வளவுதான்.

விடுப்புக் கடிதத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லித்தரலாம். நம் பிள்ளைகள் ‘ரெஸ்பெக்டட் டீச்சர்’ என்று தொடங்கி, உங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன் என்று முடிப்பார்கள். அது அலுவலக ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்து நிலைத்த நடை. வெளிநாட்டவருக்கு அது பழைய காலத்து மனுவைப் படிப்பது போல் இருக்கும். ‘டியர்’ என்று தொடங்கிப் பெயரை எழுதுவதுதான் அவருக்குப் பழக்கம். டியர் என்றால் காதல் கடிதம் என்று எட்டாம் வகுப்புப் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள், அதையும் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள். இரண்டு விதமாகவும் எழுதப் பழகட்டும்.

இப்போது எதிர்ப்பக்கம். வந்தவர் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. பதிவேட்டில் சுருளிவேல் முத்துக்கருப்பன் என்று இருந்தால், குடும்பப் பெயர் பழக்கத்தில் வளர்ந்த ஆசிரியர் இரண்டாவதாக இருப்பதே பெயர் என்று நினைத்து, “முத்துக்கருப்பன்!” என்று கூப்பிடுவார். வகுப்பு வெடித்துச் சிரிக்கும். பையன் முகம் சிவந்து எழுந்திருக்க மாட்டான். ஒருவரையொருவர் சீண்டுவதற்கு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நம் பள்ளிக்கூடங்களில் எவ்வளவு பெரிய வம்பு என்று நமக்குத் தெரியும், அடிதடி வரை போகும். அவருக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே வருகைப்பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயருக்கு அடியில் மட்டும் கோடு போட்டுக் கொடுங்கள். முன்னெழுத்து அப்பாவுடையது என்று சொல்லுங்கள்.

பெயரை உச்சரிக்கவும் உதவி வேண்டும். சுருளி, கௌமாரி, பேச்சியம்மாள், பாண்டியம்மாள், ஒச்சம்மாள் என்று இந்த மண்ணின் அருவியும் சாமியும் நம் பிள்ளைகள் பெயரில் இருக்கின்றன. கனிமொழியின் ‘ழ’ அவருக்கு எளிதில் வராது. வராமல் போகட்டும், முயன்றால் போதும். பிள்ளைகளும் ஃபியோனாவைப் ‘பியோனா’ என்பார்கள், ஸோயியை ‘ஜோயி’ என்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிப் பழகுவதற்கே முதல் பாடவேளை முழுவதையும் கொடுத்துவிடுங்கள். அவர் தடுமாறிச் சொல்லும்போது பிள்ளைகள் திருத்துவார்கள். ஆங்கில ஆசிரியருக்குத் தாங்களே ஒன்று சொல்லிக்கொடுத்தோம் என்ற தைரியம் அன்றைக்கே வந்துவிடும். “பேரைச் சுருக்கிக்கலாமா? பாண்டின்னு கூப்பிடட்டுமா?” என்று ஆசிரியர் கேட்டால், அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொல்லுங்கள்.

வயது ஒட்டி வருகிற இடத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து ஷான்சி திட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்க இளைஞர்கள் வருவது நீண்ட காலப் பழக்கம். அப்போதுதான் படித்து முடித்தவர்கள், இரண்டு ஆண்டு தங்குவார்கள். தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் போய்ப் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இரண்டு மூன்று வயதே மூத்தவராக இருக்கலாம். சார் என்பது பெரிதாகவும் பெயர் சிறிதாகவும் தெரியும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளில் இதற்கு நம் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெருவில் தெரிந்த இளம் தன்னார்வலரை அக்கா என்றே பல பிள்ளைகள் கூப்பிட்டார்கள். கல்லூரியிலும், பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்பிலும் எமிலி அக்கா என்பதில் குறை ஒன்றும் இல்லை, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டால். பள்ளி வகுப்பறையில் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. தேர்வுத் தாளைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டியவர் அங்கே அக்காவாக இருந்தால் இருவருக்கும் சங்கடம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை போதும். அவர்கள் ‘டீச்சரம்மா’ என்பார்கள், வயதான தாத்தாக்கள் ‘வாத்தியாரம்மா’ என்பார்கள். மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, பள்ளிக்கு வெளியே. வீரபாண்டி சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலோ கம்பம் கடைவீதியிலோ பிள்ளைகள் அவரைப் பார்த்தால் பாதிப் பேர் ஓடி ஒளிவார்கள், மீதிப் பேர் பேருந்து ஜன்னல் வழியே டீச்சர் என்று கத்துவார்கள். ஒளிவது வெறுப்பு அல்ல, கத்துவது கேலி அல்ல என்று அவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். அவர் கையசைத்து, தெரிந்தால் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒளிந்த பிள்ளைகளுக்குத் திங்கள்கிழமை காலை வகுப்பில் கேட்க ஒரு கேள்வி தயாராக இருக்கும்: “எமிலி டீச்சர், யூ சா மீ?” அந்த வாக்கியத்தின் இலக்கணத்தை அன்றைக்குத் திருத்த வேண்டாம்.